அம்மா வீட்டுப் பரண்: எதை வைப்பது, எதைக் கொடுப்பது?

தாமிரபரணிக்கரை (திங்கள், இரவு 9.40)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் அம்மா இருக்கும் வீட்டை விற்கப் போகிறோம். அம்மாவுக்கு 78 வயது, மாடிப்படி ஏற முடியவில்லை. இனி சென்னையில் என்னோடுதான். என்னுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட். அம்மாவுக்கு ஓர் அறை, அதில் ஒரு பீரோ வைக்கலாம். பாளையில் இருப்பதோ மூன்று பீரோ, நான்கு ட்ரங்குப் பெட்டி, ஒரு ஷோகேஸ், அப்புறம் அந்தப் பரண்.

இன்று பரணை மட்டும் இறக்கினேன். பெயர் வெட்டிய எவர்சில்வர் குடங்கள் 9. பிரிக்காத கல்யாண அன்பளிப்புப் பெட்டிகள் ஆறு. நூல் கட்டிய பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள். வருஷா வருஷம் வாட்ச்நைட் ஆராதனையில் (வருஷத்தின் கடைசி ராத்திரி) எடுத்த வாக்குத்தத்த வசன அட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய. சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அப்பா ரோஷத்துக்கு ஏலம் கேட்டு எடுத்த சுவர்க் கடிகாரம். காலாவதியான மாத்திரைகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். வேதாகமம் 11. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

"எதையாவது விட்டுவிடலாமே அம்மா" என்றால், "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்று யோவான் ஆறாம் அதிகாரத்தில் அப்பம் மிஞ்சியபோது இயேசு சொன்னதை எடுத்து நீட்டுகிறார்கள். 40 வருஷம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. வசனம் சொல்லி ஜெயிக்க முடியாது.

இரண்டு கேள்விகள். கிழிந்த வேதாகமங்களை என்ன செய்வது? பழைய பேப்பர் கடையில் போட மனசு வரவில்லை. இரண்டாவது என்னைப் பற்றியது. ராத்திரி படுக்கும்போது என் போனைப் பார்த்தேன். ஜெபக் குழுக்கள் 14. வாசிக்காத செய்திகள் 2,300க்கு மேல். என் உள்ளேயும் ஒரு பரண் இருக்கிறது போல. அதை எப்படி இறக்குவது?

---

ஒருபை (திங்கள், இரவு 10.15)

பிரதர், ரொம்ப யோசிக்காதீர்கள். ஒரு வருஷமாகத் தொடாத பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிவிடுங்கள். நான் பெங்களூரில் ஓர் அறையில் இருக்கிறேன். இரண்டு ஜீன்ஸ், ஐந்து சட்டை, ஒரு லேப்டாப், ஒரு பை. மத்தேயு 6:19 தெளிவாகத்தான் இருக்கிறது, பூமியில் சேர்த்து வைப்பதைப் பூச்சியும் துருவும் கெடுக்கும். சாது சுந்தர் சிங் 1905ல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மாதம் கழிந்ததும் காவி அங்கி, ஒரு கம்பளி, ஒரு புதிய ஏற்பாடு இவ்வளவோடு மலைப்பாதையில் இறங்கினார். நமக்கு எதற்கு ஒன்பது குடம்?

---

மார்த்தாள்65 (செவ்வாய், காலை 6.05)

ஒருபை தம்பி, சாதுவை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் போன ஊரிலெல்லாம் அவருக்குச் சோறு பொங்கிப் போட, வீட்டில் ஒரு பெரிய பானையை வைத்திருந்த அம்மா யாரோ ஒருத்தி இருந்திருப்பாள். அவளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டு ஜீன்ஸில் ஒன்று கிழிந்தால் அன்று மாலையே ஆர்டர் போட்டுவிடுவீர்கள். இவருடைய அம்மா வளர்ந்தது ரேஷன் காலம். கல்யாணம், அசனம் (சபை விருந்து), இழவு என்று எது வந்தாலும் தெருவே ஒருவர் பாத்திரத்தை ஒருவர் வாங்கித்தான் சமைத்தது. எங்கள் நாசரேத்தில் அப்படித்தான். ஒன்பது குடம் வைத்திருந்த வீட்டைப் பேராசைக்கார வீடு என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் குடம் தெரு முழுவதும் சுற்றும். இப்போது தெருவில் சமையலே இல்லை, பந்தல்காரரே பாத்திரமும் கொண்டுவந்துவிடுகிறார். அதனால் குடம் பரணுக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் எல்லாருக்கும் உதவிய பொருள் உதவாமல் கிடக்கிறது என்பதுதான் அங்கே உள்ள துக்கம். அதைக் குப்பை என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

தாமிரபரணிக்கரை தம்பி, வசனத்தில் அம்மாவை ஜெயிக்க வேண்டாம். அதே வசனத்தை அவர்களோடு உட்கார்ந்து திரும்ப வாசியுங்கள். "சேதமாய்ப் போகாதபடிக்கு" என்றுதானே இருக்கிறது? பரணில் இருபது வருஷம் கிடந்து மடிப்பிலேயே இற்றுப்போன பட்டுச்சேலை சேதமாய்ப் போனதா இல்லையா? யாத்திராகமம் 16ஐயும் கூடவே வாசியுங்கள். வனாந்தரத்தில் தேவன் தினமும் கொடுத்த மன்னா என்ற அப்பத்தை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது. அப்பத்துண்டுகளைச் சேர்க்கச் சொன்னவரும் மன்னாவைச் சேர்க்காதே என்றவரும் ஒருவரேதான். யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஒரு யோசனை. "இது வேணுமா வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். எந்த அம்மாவும் வேணும் என்றுதான் சொல்வாள். "இதை யாருக்குக் கொடுக்கலாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். காலையில் மட்டும், ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. சாயங்காலம் வேண்டாம், வயசானவர்களுக்கு அந்த நேரம் எல்லாமே அழுகையில் போய் முடியும்.

மாத்திரை பாட்டிலை மட்டும் கேட்காமலே எடுத்துவிடுங்கள்.

---

குருசடி (செவ்வாய், காலை 11.30)

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடிப் பக்கம். கிழிந்த வேதாகமம் பற்றிக் கேட்டதால் எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். மந்திரித்த (குருவானவர் ஆசீர்வதித்த) பொருள் எதையும் குப்பையில் போடமாட்டோம். எரிக்கலாம், அல்லது கால் மிதிபடாத இடத்தில் புதைக்கலாம். உடைந்த சுரூபத்தையும் அறுந்த ஜெபமாலையையும் வீட்டுத் தோட்டத்திலேயே புதைப்பார்கள். மீந்த தீர்த்தத்தை மண்ணில் ஊற்றுவோம். குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக முடைந்து வருஷம் முழுக்க வாசலில் செருகி வைத்திருப்போம். அடுத்த தவக்காலத்துக்கு முன் அது கோவிலுக்குத் திரும்பிப் போகும். அதை எரித்த சாம்பல்தான் விபூதிப் புதனன்று நெற்றிக்கு வருகிறது. ஒரு பொருள் வீட்டைவிட்டுப் போகும்போதும் அதற்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது பாருங்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

உங்கள் 11ல் நல்ல நிலையில் இருப்பவற்றை விடுதி மாணவர்களுக்கோ சிறை ஊழியம் செய்பவர்களுக்கோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். பக்கம் உதிர்ந்தவற்றை எரிப்பதோ புதைப்பதோ அவமதிப்பு ஆகாது. எடைக்குப் போட்டால் வடை மடித்துத் திரும்பி வரும், அதுதான் கஷ்டமாக இருக்கும். எரிப்பதற்கு முன் முதல் பக்கத்தைப் பாருங்கள். குடும்பத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், இறப்பு எல்லாம் அதில்தான் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளைக் கண்டிப்பாக எடுத்து வையுங்கள்.

எகிப்து பாலைவனத்துத் துறவிகளைப் பற்றி ஒரு கதை உண்டு. நாலாம் நூற்றாண்டு. ஒருவரிடம் சொத்து என்று இருந்தது ஒரேயொரு நற்செய்திப் புத்தகம். அதையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "உனக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று எனக்குச் சொன்ன வார்த்தையையே விற்றுவிட்டேன்" என்றாராம். 11ஐ எண்ணிக்கொண்டிருக்கும் உங்களுக்கு உதவுமோ என்னவோ.

---

எலியாவின்சால்வை (செவ்வாய், மதியம் 2.10)

பிரைஸ் த லார்ட். எல்லாரும் பாத்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆவிக்குரிய குப்பையை யாரும் தொடவில்லை. அந்த ஷோகேஸில் என்னென்ன பொம்மைகள் இருக்கின்றன என்று பாருங்கள் பிரதர். டூர் போனபோது வாங்கிய முகமூடி, சிரிக்கும் புத்தர், யாரோ கொடுத்த தாயத்து. அப்போஸ்தலர் 19:19, எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு மதிப்பு. யாருக்கும் கொடுக்கவில்லை, விற்கவில்லை, எரித்தார்கள். அம்மாவைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சுத்தம் பண்ணிவிட்டு ஜெபியுங்கள், வீட்டின் பாரம் இறங்குவதை உணர்வீர்கள்.

---

மார்த்தாள்65 (செவ்வாய், மதியம் 2.45)

பிரதர், அதே வசனத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். எபேசுவில் எரித்தவர்கள் தங்கள் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் பெட்டியை எடுத்துக் கொளுத்திய மகன் யாரும் அந்த அதிகாரத்தில் இல்லை.

---

எலியாவின்சால்வை (செவ்வாய், மாலை 4.00)

சரி சிஸ்டர், அதை ஒத்துக்கொள்கிறேன். அம்மாவைக் கேட்டே செய்யட்டும். ஆனால் அவர்கள் ஐம்பதினாயிரத்தையும் நஷ்டமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் "யாருக்காவது பயன்படும்" என்று சொல்லி இன்னொருவர் வீட்டுக்குத் தள்ளிவிட முடியாது. சிலது நம் கையிலேயே முடிய வேண்டும்.

---

உப்பளம் (செவ்வாய், இரவு 8.20)

கடைசியாகச் சொன்னாரே, அதை நான் பிடித்துக்கொள்கிறேன். எனக்கு நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. அனுப்பியவர்கள் மனசு நல்ல மனசுதான். ஆனால் பட்டன் இல்லாத சட்டை, அக்குள் கிழிந்த ஜாக்கெட், எங்கள் பெண்கள் உடுத்தாத வகைத் துணி எல்லாம் கலந்து வந்தன. ரோட்டோரம் மலை மாதிரி குவிந்து, மழையில் நனைந்து, நாறி, கடைசியில் அதை அள்ளுவதே ஒரு தனி நிவாரண வேலை ஆகிப்போனது. வீட்டை இழந்து நின்றவர்கள் மற்றவர்களுடைய பரணைச் சுத்தம் செய்தோம்.

அதனால் கேட்கிறேன். "அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்று ஈசியாகச் சொல்லாதீர்கள். முதலில் போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்ட ஓர் இல்லத்தில் பழைய துணி வேண்டாம், பிள்ளைகளுக்குப் புது உள்ளாடையும் சோப்பும் வேண்டும் என்றார்கள். பழைய பித்தளையை விற்ற காசில் அதை வாங்கிக் கொடுத்தோம். குடங்கள் எடைக்குப் போகட்டும் சார், தப்பே இல்லை. காசு போய்ச் சேருகிற இடம் நல்ல இடமாக இருந்தால் போதும். கிழிந்த துணியை மிதியடி ஆக்குங்கள். உங்களால் உடுத்த முடியாததை "தானம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன் என்றுதான் யோவான்ஸ்நானன் சொன்னார். எந்த அங்கி என்று சொல்லவில்லை. நாம்தான் எப்போதும் பழையதை எடுக்கிறோம்.

---

ஒருபை (செவ்வாய், இரவு 11.50)

நேற்று நான் கொஞ்சம் துள்ளிவிட்டேன். இன்று என் அறையையே ஒருமுறை பார்த்தேன். இரண்டு ஜீன்ஸ் உண்மைதான். ஆனால் அந்த "ஒரு பை" 9,000 ரூபாய். எளிமையாக வாழ்வது எப்படி என்று பேசுகிற வீடியோ பார்த்து வாங்கியது. அதற்கு முன் வாங்கிய மூன்று பைகளையும் அறைத்தோழனுக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம் ஹார்ட் டிஸ்கில் பிரசங்கங்கள், இறக்கி வைத்ததோடு சரி, முக்கால்வாசியைக் கேட்கவே இல்லை. பரண் இல்லாத வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

மூன்றாம்மாடி (புதன், காலை 5.30)

ஷார்ஜாவிலிருந்து. நைட் டியூட்டி முடித்து வந்து வாசிக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே அண்ணா, என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

போன வருஷம் லெந்து (தவக்கால) நாட்களில் நான் பதினொரு குழுக்களிலிருந்து ஒரே ராத்திரியில் வெளியே வந்தேன். காலை மன்னா, மாலைத் துளி, 21 நாள் உபவாச ஜெபம், 40 நாள் உபவாச ஜெபம், இந்த வசனத்தை ஏழு பேருக்கு அனுப்பு. எல்லாம் நல்லதுதான். ஆனால் எதையும் நான் வாசிக்கவில்லை. ஆமென் என்று கைகூப்பும் படத்தை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போவேன். மருத்துவமனையில் உண்மையாகவே ஒருவர் "எனக்காக ஜெபம் பண்ணு சிஸ்டர்" என்றபோது, அதே படம்தான் மனசில் வந்தது. வாயில் வார்த்தை வரவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

வெளியே வந்த முதல் வாரம் சொர்க்கம். இரண்டாவது வாரத்திலிருந்து அந்த நேரமெல்லாம் ரீல்ஸுக்குப் போய்விட்டது. மத்தேயு 12ல் ஒரு வீடு வருமே, "வெறுமையாகவும் பெருக்கி ஜோடிக்கப்பட்டதாகவும்" இருந்த வீடு. வெளியே போன அசுத்த ஆவி, பெருக்கி முடித்த அந்த வீட்டுக்குத்தான் இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அந்த இடத்தை நான் அதுவரை சரியாக வாசித்ததே இல்லை. இப்போது இரண்டு குழு மட்டும். ஒன்று சபை, ஒன்று குடும்பம். டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் தாளில் அச்சடித்த வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், ஒன்றே ஒன்று. சில நாள் தூங்கிவிடுவேன்.

பணத்துக்கும் இதேதான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் வருஷத்துக்கு 30 பவுண்டு சம்பாதித்தபோது 28ல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தார். 60 வந்தபோதும் 28தான், 32ஐக் கொடுத்துவிட்டார். நான் இங்கே வந்தபோது மாதம் எவ்வளவில் வாழ்ந்தேன் என்று எனக்குத் தெரியும். இப்போது அதைப்போல மூன்று மடங்கு செலவாகிறது, ஆனால் என்ன கூடுதலாக வாங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

---

தாமிரபரணிக்கரை (வியாழன், இரவு 9.10)

எல்லாருக்கும் நன்றி. மார்த்தாள் அக்கா சொன்னபடி கேட்டேன், "இதை யாருக்குக் கொடுக்கலாம்மா?" நம்பமாட்டீர்கள், இரண்டு நாளில் ட்ரங்குப் பெட்டி மூன்று காலி. ஒவ்வொரு பொருளுக்கும் அம்மா வாயில் ஒரு பெயர் வருகிறது. தையல் மெஷின் கீழத்தெருவில் பிளவுஸ் தைக்கும் பெண்ணுக்கு. கடிகாரம் சபை உபதேசியார் மகனுக்கு, "அவன்தான் அன்றைக்கு அப்பாவுக்கு எதிராக ஏலம் கேட்டவன், பாவம்." பிரிக்காத பெட்டிகள் ஐயரம்மாவிடம் (போதகர் மனைவி) போகின்றன, அடுத்து வரும் ஏழைக் கல்யாணத்துக்கு. ஏழு குடம் எடைக்குப் போட்டாயிற்று, அந்தக் காசில் என்ன வாங்குவது என்று உப்பளம் சொன்னபடி விடுதிக்குப் போன் செய்து கேட்டேன். 25 பிளாஸ்டிக் வாளி கேட்டார்கள். ஷோகேஸில் தாயத்து எதுவும் இல்லை எலியா பிரதர், தலையாட்டி பொம்மை ஒன்று இருந்தது. பேத்தி தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வாக்குத்தத்த அட்டைகளில்தான் மாட்டிக்கொண்டோம். யாருக்குக் கொடுப்பது? அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, இது உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம், இது உனக்கு வேலை கிடைத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நான் மூன்று மணிநேரம் அசையவில்லை. டின் சென்னைக்கு வருகிறது.

ஆனால் நாலாவது பெட்டிக்கு அடியில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. யாருக்கு என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். "அது உன் சித்தியுடையது" என்றார்கள். 1998ல் தாத்தா வீட்டைப் பாகம் பிரித்தபோது சித்தி பங்குக்கு வந்த அண்டா. ஏதோ அசனத்துக்கு வாங்கி வந்தது, அப்புறம் பாகத் தகராறில் பேச்சு நின்றுபோய் இங்கேயே தங்கிவிட்டது. சித்தி இருப்பது சாயர்புரத்தில், ஒரு மணிநேரப் பயணம். இத்தனை வருஷமாக அம்மா போனதில்லை. ஆள் வைத்துக் கொடுத்தனுப்பலாமா என்று கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

---

மார்த்தாள்65 (வியாழன், இரவு 9.25)

கொடுத்தனுப்பாதீர்கள். இயேசு போன வரிவசூல்காரன் சகேயு வீட்டில் நடந்தது இரண்டு காரியம் தம்பி. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தது ஒன்று. எடுத்ததை, யாரிடம் எடுத்தானோ அவனிடமே நாலத்தனையாகத் திருப்பியது இன்னொன்று. முதலாவதை நீங்கள் இரண்டு நாளில் முடித்துவிட்டீர்கள், ஏனென்றால் அது சுலபம், சந்தோஷமும் வரும். இரண்டாவதற்கு ஆளே போக வேண்டும். கார் எடுங்கள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். அண்டா பின்னால் வரட்டும்.

---

குருசடி (வியாழன், இரவு 9.50)

வெறும் அண்டாவாகக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே ஏதாவது போட்டுக் கொண்டுபோங்கள். எங்கள் பக்கம் காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

---

தாமிரபரணிக்கரை (ஞாயிறு, இரவு 8.30)

நேற்றுப் போய் வந்தோம். அண்டாவில் ஐந்து கிலோ அரிசியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போட்டுக்கொண்டோம். வழி நெடுக அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

சித்தி வாசலில் நின்று அம்மாவைப் பார்க்கவில்லை, அண்டாவைத்தான் பார்த்தார்கள். குனிந்து அடியைத் தடவிவிட்டு, "இதில் ஓட்டை இருந்ததே" என்றார்கள். "வாங்கிட்டு வந்த வருஷமே அடைச்சு, ஈயமும் பூசி வச்சிட்டேன்" என்றார்கள் அம்மா. அவ்வளவுதான். இருவரும் அடுக்களைக்குள் போய்விட்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தார்சாவில் சித்தப்பாவோடு உட்கார்ந்து மழை பெய்யாதது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடிக்க மூன்றரை மணி.

கிளம்பும்போது சித்தி கார் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டி, ஒரு சாக்கு தேங்காய், ஒரு தகரப் பெட்டி. அந்தத் தகரப் பெட்டி பாகம் பிரித்தபோது அம்மாவுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததாம். அதற்குள் தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, அப்புறம் அவருடைய வேதாகமம். முதல் பக்கத்தில் அம்மா பிறந்த தேதியும் சித்தி பிறந்த தேதியும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன.

11ல் நான்கைக் கொடுத்துவிட்டோம், மூன்றைத் தோட்டத்தில் புதைத்தோம். மீதி நான்கு இருந்தது. இப்போது ஐந்து.

ஜெபக் குழுக்கள் இன்னும் 14தான். அதை அடுத்த வாரம் பார்க்கிறேன்.

---

மார்த்தாள்65 (ஞாயிறு, இரவு 8.50)

கருப்பட்டி உடன்குடியா?

அந்த ஈயம் பூசுகிறவர் பாளையில் இன்னும் இருக்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. என்னிடமும் ஒரு பானை இருக்கிறது. என்னுடையது இல்லை.